பந்தலில் விழுந்த விமானம்

எங்கள் திராட்சைத் தோட்டத்தில் ஒரு விமானம் விழுந்தது என்று சொன்னால், புதிதாகக் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொள்வார்கள். இரண்டே பேர் உட்காரக்கூடிய சின்ன விமானம் அது. ஒருவர் பிழைத்தார். இன்னொருவர் கடைசியாகப் பேசியது என்னிடம்தான். சில வருடங்கள் ஆகிவிட்டன. இதுவரை துண்டு துண்டாகத்தான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். முழுதாக எழுதுவது இப்போதுதான்.

சின்னமனூரிலிருந்து கிழக்கே, மலையடிவாரத்தை நோக்கிப் போகும் வழியில் எங்கள் தோட்டம். இரண்டு ஏக்கர். நான் ஆசிரியர் பயிற்சி முடித்தவள். வேலைக்காகப் பத்து வருடம் காத்திருந்துவிட்டு, கிடைக்காது என்று தெரிந்ததும் தோட்டத்தையே வேலையாக எடுத்துக்கொண்டேன். என் கணவர் திராட்சை ஏற்றிக்கொண்டு தேனிக்கும் மதுரைக்கும் போய் வருவார். கொடி வெட்டும் கவாத்து, மருந்து, தண்ணீர் எல்லாம் என் பொறுப்பு. கூட என் கணவரின் அக்கா இருப்பார். நான் அவரை மதினி என்று கூப்பிடுவேன்.

அது ஆடி மாதம். ஆடியில் எங்கள் பக்கம் காற்று குமுளி மலையைத் தாண்டி இறங்கிப் பள்ளத்தாக்கு முழுக்க ஓடும். தென்னை மட்டைகள் எல்லாம் கிழக்கே திரும்பியபடியே நிற்கும். காலை பத்து மணிக்கு மேல் மருந்து அடிக்க முடியாது. அடித்தால் இலையில் படாது, பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விடும். அன்றைக்கும் விடியற்காலையில் ஆரம்பித்துப் பத்து மணிக்கு மெஷினை நிறுத்திவிட்டோம். மறுநாளைக்கு ஆகட்டும் என்று, மெஷினில் பெட்ரோலும் ஆயிலும் கலந்து ஊற்றி மூடி வைத்தேன். ஊற்றும்போது காற்றில் சிதறிக் கையில் வழிந்தது. சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டேன். கழுவவில்லை. இந்தச் சின்ன விஷயத்தைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

பதினொரு மணி இருக்கும். மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்து நானும் மதினியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மதினிதான் முதலில் பார்த்தார்.

"ஏ, அங்கன பாரு. பிளேனு. இம்புட்டுத் தாழ்வா வருது."

திரும்பிப் பார்த்தேன். வெள்ளை நிறத்தில் ஒரு விமானம் தென்னைமர உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வந்துகொண்டிருந்தது. எனக்குப் பயம் தந்தது அதன் உயரம் அல்ல. சத்தம் இல்லை. இவ்வளவு கிட்டத்தில் வருகிற இயந்திரம் காதை அடைக்க வேண்டும். ஆனால் துணியைக் காற்றில் இழுப்பதுபோல ஒரு சின்ன இரைச்சல், அவ்வளவுதான். முன்னால் இருந்த விசிறி சுற்றாமல் குறுக்கே நின்றது.

எங்கள் தோட்டத்துக்கு மேற்கே ஒரு தரிசு நிலம் உண்டு. அங்கேதான் இறக்கப் பார்த்தார் என்று இப்போது தெரியும். ஆனால் மேற்குக் காற்று பின்னாலிருந்து தள்ளியது. தரிசின் மேல் தரையைத் தொடாமலே கடந்து, வரப்பில் ஒரு முறை தட்டி எழும்பி, நேராகப் பந்தலுக்குள் வந்து நுழைந்தது.

திராட்சைப் பந்தல் என்றால் கல்தூண்களும், மேலே குறுக்கும் நெடுக்கும் இழுத்துக் கட்டிய கம்பிகளும்தான். முதல் கம்பி அறுந்த சத்தம் துப்பாக்கி வெடித்ததுபோல இருந்தது. பிறகு வரிசையாக அறுந்தன. தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. எல்லாம் நின்றபோது பந்தலின் நடுவே இலைகளுக்குள் விமானத்தின் வால் மட்டும் தூக்கிக்கொண்டு தெரிந்தது.

நான் ஓடினேன். மதினி பின்னால் கத்திக்கொண்டே வந்தார். ரோட்டில் போன ஒரு லோடு ஆட்டோ நின்றது. நாலைந்து ஆண்கள் இறங்கி ஓடி வந்தார்கள். ஆனால் முப்பதடி தூரத்தில் எல்லோரும் நின்றுவிட்டார்கள். ஒருவர் போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தார்.

லோடு ஆட்டோக்காரர் என்னைப் பார்த்துக் கத்தினார். "ஏ ஆத்தா, கிட்டப் போகாத! உள்ள பூராம் பெட்ரோலா இருக்கும். வெடிச்சிரும்!"

நானும் நின்றேன். நிற்கக் காரணம் அவர் சொன்னது மட்டுமல்ல. எனக்கே பெட்ரோல் வாடை வந்தது. லேசாக, ஆனால் நிச்சயமாக. பந்தலுக்கு வெளியே மூன்று தூண் தூரத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். உள்ளேயிருந்து ஒரு ஆணின் குரல் கேட்டது. வார்த்தை இல்லை, முனகல்.

அப்போது பயத்தில் கையைத் தூக்கி வாயைப் பொத்தினேன். வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. என் கை. காலையில் ஊற்றிய பெட்ரோல். கையை விலக்கினேன், வாடை போய்விட்டது. மறுபடி கொண்டுவந்தேன், வந்தது. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு காற்றை இழுத்துப் பார்த்தேன். நசுங்கிய இலை, உடைந்த காய், காலையில் அடித்த மருந்து. வேறு எதுவும் இல்லை. றெக்கை ஒன்று கல்தூணில் மோதிக் கிழிந்து திறந்து கிடந்தது. அதிலிருந்து ஒரு சொட்டுக்கூட வடியவில்லை.

அந்த நேரத்தில் எனக்கு விமானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. றெக்கைக்குள்தான் எரிபொருள் தொட்டி இருக்கும் என்பதுகூடப் பிறகு தெரிந்ததுதான். ஆனால் பெட்ரோல் கொட்டினால் எப்படி நாறும் என்று தெரியும். "இங்கன பெட்ரோலு இல்ல, வாங்க!" என்று கத்திக்கொண்டு உள்ளே போனேன்.

இடது பக்கம் இருந்தவர் விமானி. நெற்றி கிழிந்து முகம் முழுக்க இரத்தம். அவர் கால் எதிலோ மாட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும், "அவனப் பாருங்க. மொதல்ல அவனப் பாருங்க," என்றார்.

வலது பக்கம் இன்னொருவர். நாற்பது வயதுக்குள் இருக்கும். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. கண்கள் திறந்திருந்தன. கல்தூண் ஒன்று கதவை உள்ளே தள்ளி, கதவு அவர் நெஞ்சின் மேல் அழுந்தியிருந்தது. மதினி மோட்டார் ரூமிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்து வந்தார். இரண்டு பேரும் கம்பிகளை வெட்டினோம். நான் உள்ளே கையை விட்டதைப் பார்த்த பிறகு அந்த ஆண்களும் வந்தார்கள். லோடு ஆட்டோக்காரர்தான் முதலில் வந்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். தூணை நகர்த்த ஆறு பேர் தேவைப்பட்டது. நகர்த்தியும் கதவு திறக்கவில்லை. ஆம்புலன்சுக்குப் போன் போட்டாயிற்று, வரும்வரை அவரை அசைக்க வேண்டாம் என்று ஒருவர் சொன்னார்.

அவர் தலை பக்கவாட்டில் சாய்ந்துகொண்டே இருந்தது. நான் ஜன்னல் வழியாக இரண்டு கைகளாலும் தாங்கிக்கொண்டேன்.

"இது எந்த ஊரு அக்கா?" என்றார். எங்கள் பக்கத்துப் பேச்சு. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கேயோ தூரத்து மனிதர்கள் என்று நினைத்திருந்தேன்.

"ஓடைப்பட்டிப் பக்கம் தம்பி."

"அப்பக் கம்பம் பக்கந்தான்."

"பக்கந்தான். இந்தா, வண்டி வந்துகிட்டே இருக்கு. பேசாம இருங்க."

மூச்சு குட்டை குட்டையாக வந்தது. பிறகு, "வீட்டுல இப்பச் சொல்லிறாதீக. மதுரையில எறங்கிப் பஸ்ஸுல வர்றேன்னு சொல்லிருக்கேன். பயந்துருவா," என்றார்.

"சொல்லல தம்பி," என்றேன்.

அதற்குப் பிறகு அவர் எதுவும் பேசவில்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குச் சற்று முன்னால் அவர் மூச்சு நின்றதை என் உள்ளங்கை அறிந்தது. தலையின் பாரம் மாறியது. ஆனால் நான் யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து இருக்கையிலிருந்து அந்த விமானி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பேசுறானா?" என்று கேட்டார். "கண்ண மூடிகிட்டு இருக்காரு," என்றேன். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து என் கைகளை விலக்கும்வரை அந்தத் தலையைத் தாங்கிக்கொண்டே நின்றேன்.

அன்று மாலைக்குள் ஊரே எங்கள் தோட்டத்தில் இருந்தது. ஆண்டிபட்டியிலிருந்துகூட ஆட்கள் வண்டி பிடித்து வந்து பார்த்தார்கள். டிவிக்காரர்கள் வந்தார்கள். லோடு ஆட்டோக்காரர் மைக் முன்னால், "பெட்ரோல் வாடை குப்புன்னு அடிச்சுச்சு. உசுரப் பணயம் வச்சுத்தான் உள்ள போனோம்," என்றார். பொய் சொல்ல வேண்டும் என்று சொன்னதல்ல அது. அவருக்கு அப்படித்தான் ஞாபகம் இருந்தது. பயந்தவருக்கு வாடை வராமல் இருக்குமா? எனக்கே வந்ததே.

மூன்றாம் நாள் விசாரணை அதிகாரிகள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் தமிழர். விமானத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள், அளந்தார்கள், படமெடுத்தார்கள். பிறகு அந்தத் தமிழ் அதிகாரி கிழிந்த றெக்கைக்குக் கீழே குத்தவைத்து உட்கார்ந்து, திராட்சை இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

"என்ன சார் பாக்குறீக?" என்று கேட்டேன்.

"எரிபொருள் கொட்டியிருந்தா இலை கருகியிருக்கணும்மா. ஒண்ணுமே கருகல."

எனக்கு அது தெரியும். ஒரு முறை மெஷினிலிருந்து பெட்ரோல் சிந்தி ஒரு கொடியின் அடி இலைகள் காகிதம்போல ஆனதைப் பார்த்திருக்கிறேன். அவரிடம் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆனா நேத்து மழைத் தூறல் விழுந்திருக்கு. நூறு பேரு மிதிச்சிருக்காங்க. நீங்க மருந்து வேற அடிச்சிருக்கீங்க. இலைய மட்டும் வச்சுச் சொல்ல முடியாது. மொதல்ல உள்ள போனது நீங்கதானாமே? அடுத்த வாரம் உங்க வாக்குமூலம் வாங்க வருவோம். நல்லா யோசிச்சு வைங்க."

எதை யோசிக்க வேண்டும் என்று அன்று எனக்குப் புரியவில்லை. நாலு நாள் கழித்துப் புரிந்தது.

ஒரு கார் வந்து ரோட்டில் நின்றது. எழுபது வயதிருக்கும் ஒருவர் இறங்கி வரப்பில் தடுமாறி நடந்து வந்தார். கொங்குப் பக்கத்துப் பேச்சு. அந்த விமானியின் அப்பா. மகனுக்குத் தொடை எலும்பு முறிந்து மதுரையில் ஆபரேஷன் முடிந்திருக்கிறது, இன்னும் எழவில்லை என்றார். என்னையும் மதினியையும் கும்பிட்டார். மதினி மோர் கொண்டுவந்து கொடுத்தார். கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

"அம்மா, நான் கேக்கறது சரியில்லைங்க. தெரிஞ்சுதான் கேக்கறேன். பெட்ரோல் தீர்ந்துதான் விழுந்துச்சுன்னு ஆயிட்டா, எம் பையன் தப்புன்னு ஆயிருமுங்க. செத்துப்போன பையன் எங்க வீட்டுல வளந்த மாதிரிங்க. ரெண்டு பேரும் ஒரே ஹாஸ்டல்ல படிச்சவங்க. சிநேகிதனக் கொன்னவன்னு ஊரு சொன்னா அவன் எந்திரிக்கவே மாட்டானுங்க."

மோரைக் குடிக்கச் சொல்லிக் கையைக் காட்டினேன். அவர் நிறுத்தவில்லை.

"டிவியில ஒருத்தர் வாடை அடிச்சுச்சுன்னு சொன்னாருங்க. நீங்களும் லேசா வாடை இருந்துச்சுன்னு ஒரு வார்த்த சொன்னீங்கன்னா, டேங்க்கு ஒடஞ்சு ஒழுகியிருக்கலாம், இஞ்சின்ல வேற கோளாறா இருக்கலாம்னு ஒரு சந்தேகமாவது நிக்குமுங்க. உங்களுக்குத் துளிகூட வாடை வரலைங்களா?"

வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. நின்ற இடத்தில் நிற்கவைக்கிற அளவுக்கு வந்தது. அதை மட்டும் சொல்லிவிட்டு அடுத்ததைச் சொல்லாமல் விட்டால் போதும். யாரும் என்னைப் பொய் சொன்னவள் என்று பிடிக்க முடியாது.

"யோசிக்கிறேன்யா," என்றேன். அவர் மோரைக் கீழே வைத்துவிட்டுப் போனார். போகும்போது வரப்பில் மதினி கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டியிருந்தது.

என் கணவரிடம் சொன்னேன். சண்டை போடுகிற ஆள் அல்ல அவர். "இந்தா பாரு, நமக்கும் அவுகளுக்கும் என்ன இருக்கு? போனவரு போயிட்டாரு. இருக்கவன் இருக்கட்டும். பதட்டத்துல ஒண்ணும் ஞாபகம் இல்லன்னு சொல்லிரு. அது போதும்," என்றார்.

"ஞாபகம் இருக்கே."

"எல்லாம் ஞாபகத்துல இருக்கதச் சொல்லணும்னா ஊர்ல ஒருத்தரும் இருக்க முடியாது."

அவர் சொன்னது நியாயமாகவே பட்டது. விசாரணைக்கு முந்தின நாள்வரை அப்படியே சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த நாட்களில் சாப்பிட உட்காரும்போதெல்லாம் கையைப் பார்த்தேன். சோப்புப் போட்டுக் கழுவிய கை. அதில் வாடை எதுவும் இல்லை. ஒரு மனிதனின் தலையைத் தாங்கிய கை என்பதுதான் நினைவுக்கு வந்தது. அவர் ஏன் செத்தார் என்று அவர் வீட்டில் யாராவது கேட்பார்கள். அதற்கான பதிலில் ஒரு பங்கு என்னிடம் இருக்கிறது. அதை நான் கலக்கிவிட்டால், கேட்கிறவர்கள் வாழ்நாள் முழுக்க வேறு வேறு இடங்களில் காரணத்தைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

அதிகாரி வந்தார். மோட்டார் ரூம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பல கேள்விகள். விசிறி சுற்றியதா, சத்தம் இருந்ததா, எந்தப் பக்கமிருந்து வந்தது. கடைசியாகக் கேட்டார்.

"பெட்ரோல் வாசனை இருந்துச்சாம்மா?"

"இருந்துச்சு சார்."

அவர் பேனா நின்றது.

"எங் கையில இருந்துச்சு. காலையில மெஷினுக்கு ஊத்துனது. பிளேன்ல இல்ல. கையப் பின்னால கட்டிகிட்டு மோந்து பாத்துட்டுத்தான் உள்ள போனேன். கிழிஞ்ச றெக்கை காஞ்சு கெடந்துச்சு."

கையைப் பின்னால் எப்படிக் கட்டினேன் என்று நின்று காட்டச் சொன்னார். காட்டினேன். எழுதிக்கொண்டார். வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். அவர் போன பிறகு மோட்டார் ரூமுக்குள் போய் அழுதேன். அந்த அப்பாவின் முகம் கண்ணிலேயே நின்றது.

கார்த்திகை மாதத்தில் அந்த விமானி வந்தார். ஊன்றுகோல் வைத்திருந்தார். வருவதாக முன்கூட்டிச் சொல்லவில்லை. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து என் கணவர் எனக்கு முன்னால் வந்து நின்றார்.

அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். "அக்கா, எங்கப்பா வந்து ஏதோ கேட்டாருன்னு இப்பத்தான் எனக்குத் தெரியும். மன்னிச்சிருங்க. நான் ஆஸ்பத்திரியில பேச முடிஞ்ச அன்னைக்கே எழுதிக் குடுத்துட்டேன். எரிபொருள் தீர்ந்துபோச்சு. பாக்காம கெளம்பினது நான்."

உட்காரச் சொன்னோம். அவர் பேசியதை இங்கே அப்படியே எழுத முயல்கிறேன். அந்த விமானங்களில் எரிபொருள் அளவு காட்டும் முள்ளை யாரும் முழுதாக நம்பமாட்டார்களாம். கிளம்பும் முன் ஏறி, றெக்கைத் தொட்டியின் மூடியைத் திறந்து, குச்சி விட்டு அளந்து பார்க்க வேண்டும். அவர் முந்தின நாள் பார்த்திருக்கிறார். இடையில் வேறொருவர் அந்த விமானத்தை எடுத்துக்கொண்டு பறந்திருக்கிறார்.

"அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் ஏறிப் பாக்கல. காத்து அடிச்சுச்சு, நேரமாச்சுன்னு நெனச்சேன். ரெண்டு நிமிஷ வேலை அக்கா அது. ரெண்டு நிமிஷம்."

நண்பர் வேறு ஊரில் கல்லூரி ஆசிரியர். வார விடுமுறைக்குக் கம்பத்தில் உள்ள வீட்டுக்கு வருபவர். இவர் மதுரைக்கு விமானத்தில் போகிறார் என்றதும் கூட வந்திருக்கிறார். வருகிற வழியில் பள்ளத்தாக்குக்குள் நுழைந்து, தன் வீட்டை மேலிருந்து காட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறார். எதிர்க்காற்றில் கம்பம் வந்து சேர நினைத்ததைவிட நேரமாகியிருக்கிறது. வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் அடித்த பிறகு, இன்னொரு சுற்று என்று கேட்டிருக்கிறார்.

"அவன் கேட்டான்னு நான் எங்கயும் எழுதல. கேட்டது அவனா இருந்தாலும் சரின்னு சொன்னது நான்தானே?"

"அந்த ஒரு சுத்துனாலதான் தீந்துபோச்சா?" என்று மதினி கேட்டார்.

அவர் தலையை ஆட்டினார். "இல்லீங்க. அந்தச் சுத்து மூணு நிமிஷம். மதுரைக்கு இன்னும் அரை மணி நேரத்துக்காவது வேணும். எப்படியும் போய்ச் சேந்திருக்க மாட்டோம். அந்தச் சுத்து இல்லேன்னா வருசநாட்டு மலைக்கு மேல இஞ்சின் நின்னிருக்கும். அங்க எறங்க எடமே கெடையாது. ரெண்டு பேருமே போயிருப்போம்." பிறகு சொன்னார்: "அவன் கேட்ட சுத்து, என்னை மட்டும் காப்பாத்திருக்கு."

போகும்போது என் கணவர் அவருக்குத் தோள் கொடுத்து ரோடு வரை கூட்டிப்போனார். நண்பரின் மனைவியைப் பார்க்க அந்த விமானி இரண்டு முறை கம்பம் போனாராம். அந்த வீட்டில் அவரை உள்ளே விடவில்லை. தன் போன் நம்பரை ஒரு தாளில் எழுதி என்னிடம் கொடுத்தார். எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தை பிறந்த பிறகு இறந்தவரின் மனைவி வந்தார். கம்பத்திலிருந்து பஸ்ஸில் வந்து, வழி கேட்டு நடந்து வந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மெலிந்த முகம். பந்தலுக்கு வெளியே நின்று, "நீங்கதானாக்கா அவுக பக்கத்துல இருந்தது?" என்று கேட்டார்.

தூண்களை மறுபடி நட்டுக் கம்பி இழுத்திருந்தோம். கொடிகள் பாதிதான் ஏறியிருந்தன. எந்த இடம் என்று கேட்டார், காட்டினேன். அங்கேயே மண்ணில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். மண்ணைத் தடவிக்கொண்டே பேசினார்.

"அன்னைக்குக் காலையில போன் போட்டாக. மாடியில வந்து நில்லு, மேல வருவேன், கையக் காட்டுன்னாக. செவப்புத் துண்ட எடுத்துகிட்டுப் போயி நின்னேன். வந்தாக. ஒரு சுத்து சுத்துனாக. எனக்குச் சரியாத் தெரியல. அதுனால..." சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். "அதுனால இன்னொரு தடவ வாங்கன்னு துண்ட வீசினேங்கா. வந்தாக. ரெண்டாவது தடவ கண்ணாடி வழியா அவுக கை தெரிஞ்சுச்சு. பெட்ரோலு தீந்துதான் விழுந்துச்சுன்னு பேப்பர்ல போட்டதுலருந்து எனக்குத் தூக்கம் இல்லக்கா. நான் கூப்பிடாம இருந்தா மதுரைக்குப் போயிருப்பாக. யாருகிட்டயும் சொல்லல. எம் மாமியார்கிட்டக்கூடச் சொல்லல."

ஆறு மாதமாக ஒரு பெண் தனியாகச் சுமந்துகொண்டிருந்தது இது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். விமானி சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். குச்சி விட்டு அளக்காமல் கிளம்பியது, கிளம்பும்போதே குறைவாக இருந்தது, அந்தச் சுற்று மூன்று நிமிடம்தான், அது இல்லாவிட்டாலும் மதுரை போய்ச் சேர்ந்திருக்க முடியாது. இன்னொரு சுற்று கேட்டது அவர் கணவரே என்பதையும் சொன்னேன். துண்டு வீசியதைப் பார்த்துக் கேட்டாரா, தானாகவே கேட்டாரா என்பது எனக்குத் தெரியாது, அதையும் அப்படியே சொன்னேன்.

கணக்கு டீச்சர் அல்லவா, ஒவ்வொன்றையும் திருப்பிக் கேட்டார். எத்தனை நிமிடம், எவ்வளவு தூரம், காற்று எந்தப் பக்கம். விரலால் மண்ணில் கோடு போட்டுப் பார்த்தார். "அப்ப எப்படியும் மதுரைக்குப் பத்தியிருக்காது," என்றார்.

"பத்தியிருக்காது தாயி."

முகத்தை மூடிக்கொண்டு அழுதார். இழவு வீட்டில்கூட அப்படி அழுதிருக்க மாட்டார் என்று தோன்றியது. மதினி வந்து அவர் முதுகைத் தடவிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தார்.

அழுது ஓய்ந்ததும், "அவுகளுக்கு வலி இருந்துச்சாக்கா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல நாக்கு வரை வந்தது. "இருந்துச்சு. கொஞ்ச நேரந்தான்," என்றேன். "எந்த ஊருன்னு கேட்டாக. சொன்னேன். கம்பம் பக்கந்தான்னு சொன்னாக. வீட்டுல சொல்லிறாதீக, பயந்துருவான்னாக. அதுக்கப்புறம் பேசல. தல எங் கையிலதான் இருந்துச்சு."

அவர் தலையசைத்தார். என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறியது. மதினி சாப்பிடக் கூப்பிட்டார். மூன்று பேரும் சாப்பிட்டோம். அவர் கொஞ்சம்தான் சாப்பிட்டார்.

பஸ் ஏற்றிவிட ரோடு வரை போனேன். விமானிக்கு லைசென்ஸை நிறுத்திவைத்துவிட்டார்கள், இனி அவர் பறக்கப்போவதில்லை என்று அவரே சொன்னதாகச் சொன்னேன். பஸ் தூரத்தில் தெரிந்தபோது, "வீட்டு வாசல்ல ரெண்டு தடவ வந்து நின்னாரு. எங்க ஆளுக வெரட்டி விட்டாக. நான் உள்ளருந்து பாத்துகிட்டு இருந்தேன். அவரு மொகத்தப் பாத்தா, நான் துண்டு வீசுனது அவருக்குத் தெரிஞ்சிருக்குமோன்னு பயம்," என்றார்.

"அவரு ஒங்கள ஒண்ணும் சொல்லல."

"அவரு நம்பரு ஒங்ககிட்ட இருக்காக்கா?"

அந்தத் தாளை மோட்டார் ரூமில் காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்திருந்தேன். நம்பர் மனப்பாடமாக இல்லை. அந்த பஸ்ஸை விட்டுவிட்டோம். திரும்ப நடந்துபோய் எடுத்து வந்து கொடுத்தேன். வாங்கி இரண்டாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அடுத்த பஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது. மரத்தடியில் நின்று அவர் மகளின் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு முறையாவது அவர் தோட்டத்துக்கு வருகிறார். அந்த நம்பருக்குப் பேசினாரா என்று நான் கேட்டதில்லை. போன ஆடியில் வந்தபோது அவருடன் மகளும் வந்திருந்தாள். இன்னொருவரும் வந்திருந்தார். ஊன்றுகோல் இல்லாமல், ஒரு காலை லேசாக இழுத்து நடந்துகொண்டு, கொஞ்சம் பின்னால் வந்தார்.